பாத்திரம் அறிந்து

ஈயச்சொம்பில் ரசம் வைத்தவர்களுக்கு ராக்கெட் எஞ்சினைப் பற்றிப் பாதி சொல்ல வேண்டியதில்லை.

ஸ்ரீரங்கத்தில் என் பாட்டி வீட்டு அடுக்களையில் அப்படி ஒரு சொம்பு இருந்தது. வெள்ளீயத்தில் செய்தது. கட்டைவிரலால் சற்று அழுத்தினால் நசுங்கிவிடும். புளிக்கரைசலை ஊற்றிய பிறகுதான் பாட்டி அதை அடுப்பில் ஏற்றுவாள். கல்யாணமாகி வந்த புதிதில் சித்தி ஒருநாள் வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டுப் பெருங்காயம் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது சொம்பின் அடிப்பாகம் சாம்பலில் வெள்ளை மணிகளாக உருண்டுகொண்டிருந்தது. பாட்டி திட்டவில்லை. மணிகளைப் பொறுக்கி ஒரு டப்பாவில் போட்டு, "ஈயம் பூசறவன் வந்தா ஆகும்" என்றாள்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகும். விறகு நெருப்பின் சூடு அதைவிட எவ்வளவோ அதிகம். ஆனால் உள்ளே ரசம் இருக்கும்வரை சொம்பின் சுவர் நூறு டிகிரியைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. வருகிற சூட்டையெல்லாம் நீர் வாங்கிக்கொண்டுவிடுகிறது. மூவாயிரம் டிகிரிக்கு எரியும் நெருப்பை, ஆயிரத்துச் சொச்சம் டிகிரியில் உருகும் செம்புச் சுவர் அடைத்து வைத்திருக்கும் கிரயோஜெனிக் எஞ்சினில் நடப்பதும் இதுதான். எரியப்போகும் ஹைட்ரஜனையே சுவருக்குள் உள்ள நுண்ணிய கால்வாய்களில் முதலில் ஓடவிடுகிறார்கள். அது சுவரைக் குளிர்வித்துவிட்டுப் பிறகு எரியப் போகிறது. ஓட்டம் ஒரு நொடி நின்றாலும் சித்தியின் சொம்பு கதைதான்.

ஈயம் பூசுகிறவரிடம் இன்னொரு பாடம் உண்டு. தெருமுனையில் குழி தோண்டி, துருத்தி வைத்துக் கரி மூட்டி, பித்தளை அண்டாவைச் சூடேற்றுவார். உள்ளே நவச்சாரத்தைத் தூவினால் குப்பென்று வெண்புகை எழும். ஈயக்குச்சியை ஒரு தேய்ப்பு, பழந்துணியால் ஒரு சுழற்று. மஞ்சளாக இருந்த அண்டாவின் உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். அந்தப் பூச்சு தேய்ந்துபோன பித்தளையில் புளிக்குழம்பு வைத்தால் களிம்பு ஏறும், வயிற்றைக் குமட்டும். மோருக்கு ஒரு பாத்திரம், புளிக்கு ஒன்று, ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடி. எதை எதில் ஊற்றலாம், எதில் ஊற்றக்கூடாது என்பது நம் வீடுகளில் சமையலுக்கு முந்தைய அறிவு.

ராக்கெட் எரிபொருள்களின் வரலாறும் இதேதான் என்பது என் கட்சி. எது வேகமாக எரியும் என்று தேடிய கதையாக அதை எழுதுவது வழக்கம். உண்மையில் அது எதில் ஊற்றி வைப்பது என்று தேடிய கதை.

எவ்வளவு வேகம் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். ராக்கெட்காரர்கள் எரிபொருளின் தரத்தை விநாடியில் சொல்வார்கள். ஒரு கிலோ எரிபொருளை எரித்து ஒரு கிலோ எடையை எத்தனை விநாடி தாங்கிப் பிடிக்கலாம் என்பது அந்தக் கணக்கு. இதற்குத் தன் உந்துதிறன் என்று பெயர். இஸ்ரோவின் விகாஸ் எஞ்சினுக்கு வெற்றிடத்தில் இது சுமார் 290 விநாடி. திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும் எரியும் சிஇ-20 எஞ்சினுக்கு ஏறத்தாழ 440. மனிதர் எரித்துப் பார்த்த ரசாயன எரிபொருள்களில் மிக உயர்ந்தது 542 என்கிறார்கள். 1960களில் அமெரிக்காவின் ராக்கெட்டைன் நிறுவனம் லித்தியம், ஃபுளோரின், ஹைட்ரஜன் மூன்றையும் சேர்த்து எரித்துத் தொட்ட எண் அது.

542 என்றதும் நாக்கில் நீர் ஊறும். ஆனால் அடுக்களைக்குள் வந்து பாருங்கள். லித்தியம் ஒரு உலோகம். அதைக் குழாயில் ஓடவிட 180 டிகிரிக்கு மேல் உருக்கி வைத்திருக்க வேண்டும். பக்கத்திலேயே ஹைட்ரஜன், மைனஸ் 253 டிகிரியில். இரண்டுக்கும் நடுவில் ஃபுளோரின், மைனஸ் 188 டிகிரியில். லித்தியம் ஈரக்காற்று பட்டாலே வினைபுரியும். ஃபுளோரின் ஏறக்குறைய எதையும் தின்னும். எரிந்து வெளியே வரும் புகையில் இருப்பது ஹைட்ரஜன் ஃபுளோரைடு. நீரோடு சேர்ந்தால் கண்ணாடியை அரிக்கும் அமிலம். இதை ஏவுதளத்தில் வைத்துப் பற்றவைக்க எந்த நாடும் துணியவில்லை. எண் மட்டும் புத்தகத்தில் நின்றுவிட்டது.

இதற்கு அண்ணன் குளோரின் ட்ரைஃபுளோரைடு. ஜெர்மனியின் ஓட்டோ ரஃபும் அவருடைய துணைவரும் 1930இல் தயாரித்தது. போர்க்காலத்தில் ஜெர்மானியர்கள் இதை ஆயுதமாக்க எண்ணிப் பூமிக்கடியில் ஆலையே கட்டினார்கள். பட்டால் தண்ணீர் வெடிக்கும், மணல் எரியும், கல்நார் எரியும், கான்கிரீட் எரியும். அணைக்கப் போடும் பொருளெல்லாம் அதற்கு விறகு. அமெரிக்கக் கடற்படையின் ராக்கெட் நிலையத்தில் எரிபொருள் வேதியியலராக இருந்த ஜான் கிளார்க், 1972இல் வெளிவந்த தம் நூலில் இதைப் பற்றி எழுதிய பக்கங்களைச் சிரிக்காமலும் படிக்க முடியாது, நடுங்காமலும் படிக்க முடியாது.

அப்படிப்பட்டதைச் சாதாரண எஃகு உருளையில் அடைத்து விற்கிறார்கள் என்பதுதான் வேடிக்கை. முதல் சொட்டு உள்ளே பட்டதும் எஃகின் மேல் மெல்லிய ஃபுளோரைடுப் படலம் உண்டாகிறது. அதற்குமேல் அந்தத் திரவத்தால் உள்ளே போக முடிவதில்லை. அண்டாவுக்கு ஈயம் பூசுவதற்குப் பதிலாகக் குழம்பே பூசிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படலத்தில் ஒரு கீறல் விழுந்தாலோ, குழாயின் உள்ளே ஒரு துளி எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தாலோ எஃகே எரியத் தொடங்கும்.

பென்டாபோரேன் என்ற போரான் எரிபொருளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பச்சைத் தழலாக எரியும், நரம்பைத் தாக்கும். 1950களில் அமெரிக்கா இந்த வகைப் போரான் எரிபொருள்களில் ஏராளமான பணத்தைக் கொட்டி, 1959இல் கைவிட்டது. மிச்சமிருந்ததைப் பாதுகாப்பாக அழிக்கும் வழி கண்டுபிடிக்க மேலும் நாற்பது ஆண்டு பிடித்தது.

நமக்கு நெருக்கமான அமிலத்துக்கு வருவோம். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1954இல் இயற்பியல் பட்டம் பெற்ற மாணவர் ஒருவர், கால் நூற்றாண்டு கழித்து இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ஏவுகலமான எஸ்எல்வி-3 திட்டத்தின் இயக்குநராக இருந்தார். அப்துல் கலாம் தம் வாழ்க்கைக் கதையில் சொல்லும் சம்பவம் இது. இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பைத் தரையில் வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். தொடக்கத்துக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது பன்னிரண்டு வால்வுகளில் ஒன்று பேசவில்லை. என்னவென்று பார்க்கச் சிலர் அருகே போனார்கள். செம்புகை நைட்ரிக் அமிலம் நிரம்பிய கலம் வெடித்தது. உடலெங்கும் வெந்தவர்களைத் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்றிரவு கலாம் அவர்களின் படுக்கையருகே விழித்திருந்தார்.

1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்எல்வி-3 முதல்முறையாகக் கிளம்பியது. முதல் அடுக்கு சொன்னபடி எரிந்து விழுந்தது. இரண்டாம் அடுக்கில் கலம் தறிகெட்டுப் புரண்டது. 317 விநாடியில் எல்லாம் முடிந்து வங்காள விரிகுடாவில் விழுந்தது. ஆராய்ந்தபோது தெரிந்த காரணம் மிகச் சிறியது. வால்வு ஒன்றில் தூசு சிக்கி, மூடாமல் நின்றுவிட்டது. அந்தச் சந்து வழியே நைட்ரிக் அமிலம் கிளம்பும் முன்பே ஒழுகித் தீர்ந்திருந்தது. திசைதிருப்ப வேண்டிய நேரத்தில் எரிக்க ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு ஜூலை 18இல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் வைத்த அதே ராக்கெட்தான் இது. எரிபொருளின் ஆற்றலில் இரண்டு ஏவலுக்கும் ஒரு வேறுபாடும் இல்லை.

நைட்ரிக் அமிலத்தின் குணமே அதுதான். எஃகுக் கலத்தில் வைத்தால் அரித்துப் பச்சைச் சகதியாக்கும், கலத்தையும் ஓட்டையாக்கும். 1950களின் தொடக்கத்தில் அமெரிக்க ஆய்வாளர்கள் அதில் அரை சதவீத அளவுக்கு ஹைட்ரஜன் ஃபுளோரைடைக் கலந்து பார்த்தார்கள். கண்ணாடியை அரிக்கும் அமிலத்தைச் சேர்த்ததும் எஃகு அரிப்பது அடங்கிவிட்டது. காரணம் மறுபடியும் அந்தப் படலம்தான்.

நைட்ரிக் அமிலத்தின் இடத்தைப் பிறகு நைட்ரஜன் டெட்ராக்சைடு பிடித்தது. இதனோடு ஹைட்ரசீன் குடும்பத்து எரிபொருள் ஒன்று சேர்ந்தால் தீக்குச்சி வேண்டாம். தொட்ட கணமே பற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, மாதக்கணக்கில் விண்வெளியில் மிதந்துவிட்டு, மறுபடியும் வால்வைத் திறந்தால் போதும். செயற்கைக்கோள்களும் நிலவு ஊர்திகளும் இந்த இணையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். இங்கே வேண்டியது அதிக விநாடி அல்ல, சொன்ன சொல்லுக்குப் பற்றும் நாணயம். 1974இல் பிரான்சுடன் செய்த உடன்பாட்டின்படி, நம்பி நாராயணன் தலைமையில் சென்ற குழு வெர்னானில் கற்றுவந்த எஞ்சின் இந்த இணையை எரிப்பது. அதுதான் விகாஸ். இன்றும் பிஎஸ்எல்வியின் இரண்டாம் அடுக்கில் நாற்பது டன்னுக்கும் மேல் இந்தத் திரவங்கள் நிரம்புகின்றன. நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில் அதன் எஞ்சின்களை எரித்துச் சோதிக்கிறார்கள்.

டெட்ராக்சைடு 21 டிகிரியில் கொதிக்கும். திருச்சிக்காரருக்கு இதன் பொருள் விளங்கும்: மார்கழி விடியலில் சிறிது நேரம் தவிர இந்த ஊரில் அது திறந்த பாத்திரத்தில் திரவமாகவே நிற்காது. மூடியைத் திறந்தால் செங்கல் நிறப் புகையாகக் கிளம்பிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தவர் முதலில் இருமுவதோடு சரி, நன்றாகத்தான் இருப்பார். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கும். எரிபொருளின் பக்கத்தில் இருக்கும் மோனோமெத்தில் ஹைட்ரசீன் மீன்வாடை அடிக்கும். வாடை தெரியும் அளவு வந்துவிட்டாலே அளவு மீறிவிட்டது என்று பொருள். ஈரலையும் நரம்பையும் தாக்கும், புற்றுநோய் உண்டாக்கும் என்ற ஐயமும் உண்டு. அதனால்தான் எரிபொருள் நிரப்புகிறவர்கள் தலைமுதல் கால்வரை மூடிய உடைக்குள், குழாயில் வரும் காற்றைச் சுவாசித்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். 1975 ஜூலை 24 அன்று சோவியத் விண்கலத்தோடு கைகுலுக்கிவிட்டுத் திரும்பிய மூன்று அமெரிக்க விண்வெளி வீரர்கள், பாராசூட்டில் இறங்கும்போது காற்றுத்துளை வழியே உள்ளே வந்த டெட்ராக்சைடுப் புகையைச் சுவாசித்தார்கள். ஒருவர் மயங்கினார். வரவேற்புக்குப் போக வேண்டியவர்கள் ஹவாயில் மருத்துவமனைக்குப் போனார்கள்.

இந்த இரண்டையும் எதில் ஊற்றி வைப்பது?

டைட்டானியத்தில். எஃகைவிட இலகு, வலு மிகுதி, இரண்டு திரவங்களுக்கும் அசையாது. அப்பல்லோ திட்டம் அதைத்தான் நம்பியது. ஆனால் 1965இல் தரையில் சோதித்த டைட்டானியக் கலங்கள் டெட்ராக்சைடு நிரப்பிய சில நாட்களில் விரிசல் விட்டன. அதே கலம், அதே திரவம், முன்பெல்லாம் ஒன்றும் ஆகாதது. துருவிப் பார்த்தபோது குற்றவாளி சுத்தம் என்று தெரிந்தது. தயாரிப்பாளர்கள் சரக்கை மேலும் தூய்மையாக்கியிருந்தார்கள். அழுக்கு என்று அவர்கள் நீக்கிய சிறிதளவு நைட்ரிக் ஆக்சைடுதான் அதுவரை டைட்டானியத்தைக் காத்து வந்திருக்கிறது. நீக்கியதைத் திரும்பக் கலந்தார்கள். செந்நிறம் பச்சையாக மாறியது, விரிசல் நின்றது. நிலவுக்குப் போன சந்திரயான்-3இன் கலங்களில் ஊற்றியதன் பெயர் மான்-3. பெயரில் உள்ள 3 என்பது அந்தச் சேர்மானத்தின் சதவீதம்.  

கலம் டைட்டானியம். ஆனால் அதிலிருந்து எஞ்சினுக்குப் போகும் குழாய்களும் வால்வுகளும் பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு. எங்காவது ஓரிடத்தில் இரண்டும் சேர வேண்டும். பற்றவைப்புக்காரரிடம் டைட்டானியத்தையும் எஃகையும் கொடுத்து ஒட்டச் சொன்னால் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். இரண்டும் உருகிக் கலந்தால் அங்கே உண்டாகும் கலவை கண்ணாடி மாதிரி நொறுங்கும், ஆறும்போதே கீறிக்கொள்ளும். நூலளவு கீறலும் செங்கல் நிறப் புகைக்குப் போதும்.

இந்த இடத்தில்தான் கதை திருவெறும்பூருக்கு வருகிறது.

தஞ்சாவூர் சாலையில் திருச்சியிலிருந்து கிழக்கே வந்தால் முதலில் கண்ணில் படுவது எறும்பீசுவரர் குன்று. அசுரனுக்கு அஞ்சிய தேவர்கள் எறும்பு உருவெடுத்து வழிபட்டதாகவும், அவர்கள் ஏற வசதியாக லிங்கம் சாய்ந்து கொடுத்ததாகவும் தலபுராணம். மேலே நிற்பது சோழர் காலக் கற்றளி. லிங்கம் புற்று மண்ணால் ஆனது, நீர் படக்கூடாது என்பார்கள். சிவனுக்கே எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்று ஒரு கணக்கு வைத்திருக்கும் ஊர். குன்றைத் தாண்டினால் 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் துணையோடு எழுந்த உயர் அழுத்தக் கொதிகலன் ஆலை. ஊர்க்காரர் வாயில் அது பெல். அறுபது ஆண்டாக இந்த ஊர் சோறு தின்பது அழுத்தத்தை எஃகுக்குள் அடைத்து வைக்கும் தொழிலில். இங்கே உருவாகும் பெரிய அனல்மின் கொதிகலன்களின் குழாய்களுக்குள் நீராவி 220 வளிமண்டல அழுத்தத்தையும் தாண்டி நிற்கும். விகாஸ் எஞ்சினின் எரியறைக்குள் சுமார் 58தான். ராக்கெட்காரருக்கு எடையும் சூடும் கழுத்தைப் பிடிக்கின்றன; அழுத்தத்தில் மட்டும் பார்த்தால் பெல் ஆட்களுக்கு அது பால் காய்ச்சும் அடுப்பு.

கொதிகலன் என்பது கடைசியில் ஆயிரக்கணக்கான பற்றவைப்புகள்தான். அதனால் 1975இல் இங்கேயே பற்றவைப்பு ஆராய்ச்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார்கள். சந்திரயான்-3இன் உந்துகலத்திலும் தரையிறங்கியிலும் பொருந்திய ஈருலோக இணைப்பிகள் அங்கிருந்து போனவை. ஒரு முனை டைட்டானியம், மறுமுனை எஃகு. கலத்தோடு சேர்கிற பக்கத்தை டைட்டானியத்தோடும், குழாயோடு சேர்கிற பக்கத்தை எஃகோடும் வழக்கம்போலப் பற்றவைத்துக்கொள்ளலாம். ஒவ்வாத இரண்டு சம்பந்திகளுக்கு நடுவில் இரு வீட்டுக்கும் உறவான ஒருவரை உட்காரவைப்பது போன்ற ஏற்பாடு.

உருக்காமல் இரண்டு உலோகங்களை ஒட்டுவதற்கு உலகெங்கும் கையாளும் வழிகளில் ஒன்று உராய்வுப் பற்றவைப்பு. கடைசல் இயந்திரம் போன்ற ஒன்றில் ஒரு தண்டு அசையாமல் நிற்கும். இன்னொன்று வெறிகொண்டு சுழலும். இரண்டின் முகங்களையும் மெல்ல உரசவிடுவார்கள். கருஞ்சிவப்பு, பிறகு செம்மஞ்சள். முகங்கள் களிமண் பதத்துக்கு வந்ததும் சுழற்சியைச் சட்டென்று நிறுத்தி, ஓங்கி ஓர் அழுத்து. இடுக்கிலிருந்த துரு, அழுக்கு, ஆக்சைடு எல்லாம் சுற்றிலும் உதடு பிதுங்கியது போல மடிந்து வெளியே வந்துவிடும். சில விநாடி வேலை. எதுவும் உருகியிருக்காது. அதனால் நொறுங்கும் கலவை சேர நேரமே இருக்காது. பிதுங்கிய உதட்டைக் கடைந்தெடுத்துவிட்டால் நடுவில் மயிரிழைபோல ஒரு கோடு மட்டும் தெரியும். இப்படிப்பட்ட மூட்டுகளை ஹீலியம் செலுத்திக் கசிவு பார்ப்பார்கள். ஹீலியம் அணு புகாத சந்தில் டெட்ராக்சைடு புகாது.

சந்திரயான்-3 திட்டத்தின் இயக்குநர் பி. வீரமுத்துவேல் முதுநிலைப் பொறியியல் படித்தது பெல் ஆலைக்குச் சற்றுத் தள்ளி, துவாக்குடி என்ஐடியில். இதைத் திருச்சிக்காரர்கள் என்னிடம் குறைந்தது பத்துப் பேர் சொல்லிவிட்டார்கள், நானும் சொல்லிவிட்டேன்.

டைட்டானியத்தை முழுவதும் நம்பிவிடலாமா என்றால், அதுவும் இல்லை. 2019 ஏப்ரல் 20 அன்று அமெரிக்காவின் கேப் கனவெரலில் ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் விண்கலம் சோதனை மேடையிலேயே வெடித்துச் சிதறியது. உள்ளே ஆள் இல்லை. கசிந்த டெட்ராக்சைடு சிறிது ஹீலியம் குழாய்க்குள் தேங்கியிருந்தது. அழுத்தத்தை ஏற்றியதும் அந்தச் சிறு திரவக்கட்டி துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்து ஒரு டைட்டானிய வால்வின் மேல் மோதியது. வால்வு பற்றி எரிந்தது. பல பத்தாண்டு சாதுவாகத் திரவத்தைத் தாங்கிய அதே உலோகம், வேகமாக அடிபட்டதும் எரிபொருளானது. அதன் பிறகு அந்த இடத்தில் வால்வையே எடுத்துவிட்டு, ஒருமுறை மட்டும் கிழியும் தகடு வைத்தார்கள்.

இந்தத் திரவங்களிலிருந்து விடுபட வேண்டும் என்று இஸ்ரோவும் முயல்கிறது. கனரக ராக்கெட்டின் விகாஸ் அடுக்குக்குப் பதிலாக மண்ணெண்ணெயும் திரவ ஆக்சிஜனும் எரியும் எஞ்சினை மகேந்திரகிரியில் சோதிக்கிறார்கள். ஊரில் ஸ்டவ்வுக்கு ஊற்றியதன் நன்கு வடித்த தம்பிதான் அது. தரையிலிருந்து கிளம்புவதற்கு அது போதும். ஆனால் நிலவில் பதினைந்து நாள் வெயிலில் நின்றுவிட்டு, கேட்ட கணத்தில் பற்ற வேண்டும் என்றால் ஆக்சிஜன் அதுவரை குளிர்ந்து காத்திருக்காது.

2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3இன் தரையிறங்கியான விக்ரம் நிலவின் தென்பகுதியில் இறங்கியது. நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 800 நியூட்டன். இறங்கியதோடு வேலை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். கலங்களில் கொஞ்சம் மிச்சமிருந்தது. செப்டம்பர் 3 அன்று பெங்களூரிலிருந்து ஒரு கட்டளை போனது. பிரக்யான் ஊர்தி இறங்கிய சாய்தளத்தையும் கருவிகளையும் மடக்கிக்கொண்டு விக்ரம் மறுபடி எஞ்சினைப் பற்றவைத்தது. டைட்டானியக் கலத்திலிருந்து எஃகுக் குழாய்க்கு, அந்த மயிரிழைக் கோட்டைத் தாண்டித் திரவங்கள் போய்ச் சேர்ந்தன. கலம் மேலே எழும்பி, சற்றுத் தள்ளி, புழுதி பறக்க உட்கார்ந்தது. எழும்பிய உயரம் 40 சென்டிமீட்டர், நம் கணக்கில் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவு. மறுநாள் காலை எட்டு மணிவாக்கில் அதைத் தூங்கவைத்தார்கள்.